தொட்டிக்குப் போன கஞ்சி

வெள்ளிக்கிழமை விடிந்தபோது எங்கள் வாசலில் ஒரு கூண்டு வண்டி நின்றது. முன்பக்கத்து மூக்கணை தெருவைப் பார்த்திருந்தது. உறவுக்காரன் வீட்டுக்கு வருகிறவன் வண்டியைத் திரும்பிப் போகிற வாக்கில் நிறுத்துவதில்லை. மாடுகளை எதிர்த்த வேம்பில் கட்டி, தான் கொண்டுவந்த வைக்கோலையே போட்டிருந்தான். எங்கள் வைக்கோல் படப்பிலிருந்து ஒரு பிடி உருவவில்லை.

வந்திருந்தவன் ராக்கப்பன். என் தம்பி மனைவி பஞ்சம்மாளின் அண்ணன், மயிலாடும்பாறைக்காரன். இரவெல்லாம் வண்டியில் வந்த தூசி மீசையில் இருந்தது.

எதற்கு வந்திருக்கிறான் என்று எனக்குப் பிடிபடவில்லை. அன்று காலையில் எனக்கு எழுந்து நிற்கவே அலுப்பாக இருந்தது.

இந்தக் குடும்பத்தின் கதையைத் தொடர்ந்து படித்து வருகிறவர்களுக்கு என் தம்பி சின்னக்கருப்பு காய்ச்சலில் போய் ஆறு வருஷமானது தெரியும். அவன் விட்டுப்போன ஒரே பிள்ளை கர்ணன். பதினாறு வயது. அனுமந்தன்பட்டியிலிருந்து பாளையத்துப் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போய் வருகிறான். புட்பால் ஆடுகிறான். சனிக்கிழமை பெரியகுளத்துப் பிள்ளைகளோடு பந்தயம்.

பத்து நாளைக்கு முன்னால் அவன் என்னிடம் வந்து, "பெரியப்பா, வீட்டுல சாப்பிடக் கம்பு வாங்கலாமா? டிரில் மாஸ்டர் சொன்னாக" என்று கேட்டான். நான் சத்தம் போட்டேன். "கம்பு கூலிக்கு வர்ற ஆளுக்குடா. ஒங்க தாத்தா காலத்துலருந்து இந்த வீட்டுல மூணு வேளையும் நெல்லுச் சோறு" என்றேன். அவன் தலையை ஆட்டிவிட்டுப் போனான். அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

கஸ்தூரியம்மாள், என் மனைவி, சொம்பில் தண்ணீர் கொண்டு வந்தாள்.

"குடி மாப்ள" என்றேன்.

"வேண்டாம் மச்சான். ஆத்துலயே குடிச்சுட்டேன்."

சொம்பு அவள் கையிலேயே நின்றது.

"என்ன சங்கதி?"

"சின்னமனூர்ச் சந்தையில ஒரு பேச்சு. ஒங்க தம்பி மகன் மாட்டுத் தொட்டியில கஞ்சி குடிக்கானாம்."

"எவன் சொன்னான்?"

"எவன் சொல்லல? வெத்தலைக்காரி சொல்றா, ஆட்டு யாவாரி சொல்றான். 'தகப்பன் போனதும் புள்ளைக்குச் சோத்துல அளவு வச்சுட்டாக, அது மாட்டோட மாடா நக்குது'ன்னு சிரிக்கிறாக. எந்தங்கச்சியையும் மருமகனையும் கூட்டிட்டுப் போறேன். எங்கிட்ட நெல்லுச் சோறு இல்ல மச்சான். இருக்கிறத நிமிந்து உக்காந்து திம்பான்."

 செத்துப்போன தம்பியின் பெண்சாதியையும் பிள்ளையையும் பசிக்கு விட்டு, பிறந்த வீட்டு வண்டியில் ஏற்றி அனுப்பிய குடும்பம் என்று ஒரு பேர் வந்தால் கம்பத்திலிருந்து தேனி வரை அது அழியாது. நாளைக்கு என் சாவுக்குக்கூட அதைச் சொல்லிக்கொண்டுதான் வருவார்கள்.

"பய பந்து பழக இருட்டோடயே பள்ளிக்கூடம் போயிட்டான். சாயங்காலம் வரட்டும். அவன் வாயாலயே கேப்போம்."

"கேளுங்க. பொழுது அடையிறதுக்குள்ள வண்டி நகரும்."

அவன் போய் வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டான். தெரு முழுவதும் ஏதோ வேலை இருப்பதுபோல எங்கள் வாசலைக் கடந்து போயிற்று.

எங்கள் வீட்டுச் சோற்றைப் பற்றிச் சொல்லவேண்டும். இரண்டு போகம் நெல் விளைகிற வீடு. மில் வந்த வருஷமே முதலில் நெல் கொண்டுபோனவர்கள் நாங்கள். ஒரு தடவைக்கு மூன்று தடவை தீட்டச் சொல்வேன். அதை ஐந்து தண்ணீர் விட்டுக் கழுவி, பொங்க வைத்து, கஞ்சியைச் சொட்டில்லாமல் வடித்தால் இலையில் மல்லிகைப்பூப் போல உதிரும். எங்கள் வீட்டுச் சோற்றை எடுத்து எறிந்தால் ஒன்றோடு ஒன்று ஒட்டாது என்று கல்யாண வீடுகளில் சொல்வார்கள். தவிடும் கஞ்சியும் தொழுவத்துக்குப் போகும். கொல்லையில் நிற்கிற முருங்கையின் கீரையை உருவி ஆட்டுக்குப் போடுவோம்.

தொழுவத்தில் மலையம்மாள் சாணி அள்ளிக்கொண்டிருந்தாள். எங்கள் வயலில் கூலிக்கு வருகிறவள். அவள் மகன் செல்லப்பாண்டியும் கர்ணனோடு ஒரே கட்சியில் பந்து ஆடுகிறவன். தொழுவத்துச் சங்கதி சந்தைக்குப் போகிறதென்றால் இவள் வழியாகத்தான் போகவேண்டும்.

"ஏத்தா, நீதான பாத்த?"

"பாத்தேன் அய்யா."

"பாத்தா, ஊரெல்லாம் சொல்லணுமா?"

"வாய்க்கால்ல துணி தொவைக்கையில மனசு பொறுக்காம ஒருத்திகிட்டச் சொன்னேன். ஒருத்திகிட்டத்தான்."

"சிரிக்கிற வேளையா இது?"

"நான் சிரிக்கல அய்யா. எம் மொகமே அப்படி."

நான் குரலைத் தாழ்த்தினேன். "தொட்டியில வாய் வச்சானா?"

"சீ! எந்த நாறவாய் அப்படிச் சொன்னது? வாளியில. தொட்டியில ஊத்துறதுக்கு முன்னாடி கிண்ணத்துல மோந்து குடிக்கும். மடியில உப்புப் பொட்டலம் வச்சிருக்கும். ரெண்டு கிண்ணம். அப்புறம் கழுவி அந்த வைக்கோலுக்குள்ள சொருகிட்டுப் போயிரும். எட்டு ஒம்பது நாளா நடக்குது."

"பசியா அவனுக்கு?"

"பசி இல்ல அய்யா. காலு. ஓடுனா கெண்டச்சத கல்லா இறுகிக்கிருதாம், மூச்சு வாங்குதாம். நெல்லுச் சத்தெல்லாம் தவுட்டுலயும் கஞ்சியிலயும் போயிருதுன்னு அந்த மாஸ்டரு சொல்லிக் குடுத்தாகளாம். நாங்கூட, 'தம்பி, எங்க வீட்டுல கம்பங்கூழு இருக்கு, எம்மவனோட ஒரு வாய் குடிச்சுட்டு ஓடுங்க'ன்னேன்."

"வந்தானா?"

"வரல. 'வேற வீட்டுல கை நனைச்சா எங்க பெரியப்பா பேரு கெட்டுரும்'னுருச்சு."

அவள் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். நான் வைக்கோலுக்குள் கையை விட்டேன். வெண்கலக் கிண்ணம் ஒன்று அகப்பட்டது. என் தம்பி சாப்பிட்ட கிண்ணம். அதை இருந்த இடத்திலேயே வைத்தேன்.

பகல் சோற்றைத் தள்ளிவிட்டு எழுந்தேன். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பாளையத்துக்கு நடந்தேன். அந்த மாஸ்டரை நாலு கேள்வி கேட்டுவிட்டு வருவதாகத்தான் போனேன். நல்ல வெயில். வண்டியில்லாமல் அந்தப் பாதையை நான் நடந்து பல வருஷமாயிற்று. பிள்ளை தினமும் போக வர இரண்டு நடை நடக்கிறான் என்பது பாதி வழியில்தான் காலில் உறைத்தது.

பள்ளிக்கூடத்து மைதானத்தில் பந்து ஓடவில்லை. புளியமரத்தடியில் பதினொரு பையன்கள் ஆளுக்கொரு சிலேட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் டிரில் மாஸ்டர் ஞானதுரை, கழுத்தில் விசிலோடு, ஒல்லியாக நின்றார். நான் மரத்துக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

"நேத்து என்ன தின்னீக? எழுதுனதப் படிங்க. ஒச்சாண்டி, நீ."

"காலையில கேப்பக்கூழு சார், வெங்காயம். மத்தியானம் கேப்பக்களி. ராத்திரி அடி."

பையன்கள் உருண்டு சிரித்தார்கள்.

"அடி எதுக்குடா?"

"மறுபடியும் களியான்னு கேட்டேன் சார்."

மாஸ்டரும் சிரித்துவிட்டார். "ஏலே, ஒங்கம்மா அடிச்சது சரி. அந்தக் களிதான் உன்ன கடைசி வரைக்கும் ஓட வைக்குது. நெல்லுச் சோறு தப்புன்னு நான் சொல்லல. தோல உரிச்சு, கழுவி, வடிச்சு, மிச்சத்த மட்டும் திங்கிறதுதான் தப்பு. சருகு குப்புனு புடிச்சுக் குப்புனு அணைஞ்சுரும். கட்ட மெள்ளப் புடிக்கும், பந்து முடியிற வரைக்கும் எரியும். கைக்குத்தலரிசி, கம்பு, கேப்ப, எது கிடைக்குதோ அது. முருங்கக் கீரை, ஒரு கை வறுத்த கடலை, மொளகட்டுன பயறு. முட்ட கிடைச்சா விடாதீக. நாளைக்கு ஆட்டத்துக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடியே சாப்பாட்ட முடிச்சுருங்க. கறிச்சோத்த முட்டத் தின்னுட்டு எவனும் வந்து நிக்கக் கூடாது."

"யாரு சார் எங்களுக்குக் கறிச்சோறு போட்டாக!" என்றது ஒரு குரல்.

"கர்ணா, நீ படி."

அவன் எழுந்தான். தம்பியின் உயரம், தம்பியின் தோள். கால்கள் மட்டும் குச்சியாக இருந்தன. இதை நான் எப்படிப் பார்க்காமல் போனேன்?

"காலையில சோறு, மோர். மத்தியானம் சோறு, ரசம், அப்பளம். ராத்திரி சோறு, பால்."

"அவ்வளவுதானா?"

"கஞ்சி, ரெண்டு கிண்ணம்."

இதற்கு யாரும் சிரிக்கவில்லை. அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அவன் நிமிர்ந்தபோது என்னைப் பார்த்துவிட்டான். உள்ளங்கையால் சிலேட்டை அழித்தான்.

பையன்களைப் பந்துக்கு அனுப்பிவிட்டு மாஸ்டர் என்னிடம் வந்து கும்பிட்டார்.

"வாத்தியாரே, பந்து உதைக்கச் சொல்லிக் குடுக்கத்தான ஒங்களுக்குச் சம்பளம்? எங்க வீட்டு அடுப்புல ஒங்களுக்கு என்ன வேல?"

"கோவிச்சுக்கிறாதீக அய்யா. ஒரு சந்தேகம் கேக்கலாமா? மாட்டு வண்டிப் பந்தயத்துல ஒங்க மயிலைக்காளதான் மூணு வருசமா ஜெயிக்குதுன்னு சொல்றாக. அதுக்கு என்ன தீனி குடுக்குறீக?"

மயிலையைப் பற்றிக் கேட்டால் நான் சொல்லாமல் இருந்ததில்லை. "பருத்திக்கொட்ட ஆட்டி வைப்போம். உளுந்தம்பொட்டு. தவுடு, நம்ம வீட்டு நெல்லுத் தவுடு, கலப்படம் கிடையாது. அப்புறம் பெரிய அண்டா நெறையக்..."

கஞ்சி என்கிற சொல் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது.

 மாஸ்டர் மைதானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அங்கே கர்ணன் பந்தை விட்டுவிட்டு, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக் குனிந்திருந்தான். செல்லப்பாண்டி அவனைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தான்.

"நல்ல ஆட்டக்காரன் அய்யா. கட்சியில அவனுக்குத்தான் மூள ஜாஸ்தி. காலுதான் கூட வரமாட்டேங்குது. நாளைக்கு முதல் பாதி இறக்குவேன், அப்புறம் ஒக்கார வச்சுருவேன். இன்னைக்கு ராத்திரி என்ன குடுத்தாலும் நாளைக்குள்ள சரியாகாது. மாசக்கணக்குல குடுக்கணும்."

நாலு கேள்வி கேட்கப் போனவன் நான். ஒரு கேள்விக்கே பதில் சொல்ல முடியாமல் திரும்பினேன்.

கர்ணன் எனக்குப் பின்னால் பத்தடி விட்டு நடந்து வந்தான். வாய்க்கால் கரையில் காலடிச் சத்தம் நின்றது. திரும்பினேன். அவன் உட்கார்ந்து கெண்டைக்காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"இழுத்துக்கிருச்சா?"

"இப்ப சரியாயிரும் பெரியப்பா."

குனிந்து பிடித்துவிட்டிருக்கலாம். நான் நின்றுகொண்டுதான் இருந்தேன்.

"நான் தொட்டியில குடிக்கல பெரியப்பா."

"தெரியும்."

"மாமா வண்டி கொண்டாந்திருக்காகன்னு செல்லப்பாண்டி சொன்னான். நான் போகணுமா?"

"எந்திரி. நடக்க முடியுதான்னு பாரு."



வீட்டுக்கு வந்தபோது பஞ்சம்மாளின் தகரப் பெட்டி கயிறு கட்டி வண்டியில் ஏறியிருந்தது. ராக்கப்பன் மாட்டைப் பூட்டத் தயாராக நின்றான். காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூட எங்கள் வீட்டில் குடிக்கவில்லை என்று கஸ்தூரியம்மாள் என் காதோடு சொன்னாள்.

"மருமகனே, மாமன் கேக்கேன். ஒனக்கு இங்கன சோத்துல அளவு வச்சாகளா?"

கர்ணன் பதில் சொல்லுவதற்கு முன்னால் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"அண்ணே, அவன எதுக்குக் கேக்க? நான் சொல்றேன்."

பஞ்சம்மாள். இந்த வீட்டுக்கு வந்த பதினேழு வருஷத்தில் என் எதிரில் அவள் வாய் திறந்ததில்லை. எதுவானாலும் கஸ்தூரியம்மாளிடம் சொல்லி, அவள் என்னிடம் சொல்லுவாள். அன்று கதவைப் பிடித்துக்கொண்டு நிலைப்படியில் வந்து நின்றாள்.

"எம்புள்ளைக்கு இங்கன யாரும் அளவு வைக்கல. பெரியவக சாப்பிடுற சோறுதான் அவனுக்கும். முதல் சோறே அவனுக்குத்தான் விழும். சந்தையில கேக்கிறவகளுக்கு அதச் சொல்லு."

ராக்கப்பன் முகம் மாறியது. "அப்ப எதுக்குத்தா..."

"நான் கல்யாணம் முடிச்சு வந்தப்ப சீரோட ஒரு மூட கம்பு அனுப்புனீக. நெனப்பிருக்கா? நம்ம காட்டுல வெளஞ்சது. இந்த வீட்டுல எல்லாரும் அதப் பாத்துச் சிரிச்சாக. அவுத்து மாட்டுக்கு வச்சாக. நான் ஒண்ணும் சொல்லல. நானும் நெல்லுச் சோறு திங்கப் பழகிக்கிட்டேன். அன்னைக்கு மாட்டுக்கு வைக்கையில ஊரு பேசல. இன்னைக்கு மாட்டுக்குப் போறத எம்புள்ள குடிச்சான்னு ஊரு பேசுது."

அவள் என்னைப் பார்க்கவில்லை. மகனைப் பார்த்தாள்.

"அங்கனயோ இங்கனயோ, எங்கன இருந்தாலும் சரி. அவன் கேட்டதத் திங்கக் குடுங்க."

 எனக்கு அந்தக் கம்பு மூட்டை நன்றாக நினைவிருந்தது. சிரித்தவர்களில் முதல் ஆள் நான்தான்.

"கஸ்தூரி, வீட்டுல கம்பு இருக்கா?"

"இந்த வீட்டுலயா கேக்குறீக?" என்றாள் அவள்.

தானியக் குலுக்கையில் கழுத்து முட்ட நெல் இருந்தது. கம்பு ஒரு கைப்பிடி இல்லை. ஊரில் கம்பு இருக்கிற வீடு எது என்று எனக்குத் தெரியும். ஆள் அனுப்பி வாங்கிவரச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். ஆள் அனுப்பினால் அது உத்தரவு. உத்தரவு போட்டு வாங்குகிற காரியமில்லை இது. சுவரில் தொங்கிய ஓலைப்பெட்டியை எடுத்துக்கொண்டு நானே இறங்கினேன்.

"எங்க மச்சான்?"

"வாரேன் இரு."

வெறும் பெட்டியோடு நான் தெருவில் நடந்ததை யாரும் பார்த்ததில்லை. அன்று எல்லாரும் பார்த்தார்கள்.

மலையம்மாள் வீட்டு வாசலில் நின்று, "ரெண்டு படி கம்பு வேணும்" என்றேன்.

அவள் எட்டிப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள்.

"தாரேன் அய்யா. ஆனா வாசல்ல நின்னு வாங்கிட்டுப் போனா, பெரிய வீட்டுக்கு நான் பிச்ச போட்டேன்னு ஊரு பேசும். ஏற்கனவே நான் ஒண்ணு பேசி இம்புட்டு ஆயிருச்சு. உள்ள வாங்க. கை நனைச்சுட்டு வாங்கிட்டுப் போங்க."

"நான் வெளிய எங்கயும் சாப்பிடுறதில்ல."

"தெரியும். தம்பியும் அதத்தான் சொல்லுச்சு."

அந்த வாசல் என் மார்பு உயரம்தான் இருக்கும். எனக்கு ஐம்பத்தெட்டு வயது. கோயில் தவிர வேறெங்கும் நான் குனிந்து நுழைந்ததில்லை. இடுப்பில் எங்கோ நெட்டி முறிந்தது. உள்ளே செல்லப்பாண்டி தட்டோடு எழுந்து நின்றான். உட்காரு என்று கையைக் காட்டி நானும் தரையில் உட்கார்ந்தேன்.

கம்பங்களியும் முருங்கைக் கீரைக் கூட்டும் வைத்தாள். அமிர்தமாக இருந்தது என்று எழுத ஆசைதான். இருக்கவில்லை. களி தொண்டையில் ஒட்டியது, இரண்டு தடவை தண்ணீர் குடித்தேன். ஆனால் தட்டில் ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை.

கம்புப் பெட்டியோடு வெளியே குனிந்து வந்து நிமிர்ந்தபோது தெருமுனையில் ராக்கப்பன் நின்றிருந்தான். என் கையிலிருந்து பெட்டியை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தான்.

பஞ்சம்மாள் அதை வாங்கிக் கொல்லைக்குப் போனாள். மூலையில் கவிழ்ந்து கிடந்த உரலை நிமிர்த்தி, கழுவி, கம்பைப் போட்டு உலக்கையை எடுத்தாள். எங்கள் வீட்டில் அரிசி மில்லுக்குப் போக ஆரம்பித்த பிறகு கேட்காத சத்தம் அது. கர்ணன் எதிரில் நின்று தானும் ஒரு உலக்கையைப் பிடித்தான். அடுப்படியில் கஸ்தூரியம்மாள் அன்று உலையை வடிக்கவில்லை. தொழுவத்தில் மயிலை காலித் தொட்டியை முட்டிவிட்டுக் கத்தியது.

ராக்கப்பன் அந்தச் சத்தங்களைக் கேட்டபடி கொஞ்ச நேரம் நின்றான்.

"அக்கா, காலையில குடுத்த தண்ணியக் குடுங்க" என்றான்.

கஸ்தூரியம்மாள் ஓடிப்போய்ச் சொம்பைக் கொண்டுவந்தாள். அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தான். 

"பெட்டிய இறக்கச் சொல்லட்டுமா மாப்ள?"

அவன் மீசையைத் துடைத்தான்.

"மாட்ட ஒங்க தொழுவத்துல கட்டச் சொல்லுங்க மச்சான். ராத்திரி தங்குறேன். பெட்டி வண்டியிலயே இருக்கட்டும். இவ்வளவு தூரம் பண்ணுனீக, பண்ணுனது காலுல தெரியுதான்னு நாளைக்குப் பாப்போம். பய கடைசி வரைக்கும் ஓடுனான்னா, எம்புட்டுப் பேரு பேசுனாலும் பெட்டிய நானே இறக்கி வச்சுட்டுப் போறேன். பாதியில ஒக்காந்தான்னா எங்கூட ஏத்திக்கிருவேன்."

"சரி" என்றேன்.

இன்றைக்கு என்ன கொடுத்தாலும் நாளைக்குள் சரியாகாது, முதல் பாதியோடு உட்கார வைத்துவிடுவேன் என்று மாஸ்டர் சொன்னதை நான் அவனிடம் சொல்லவில்லை.